எட்டும் மூணும் ஒரே சட்டையில்

இன்று காலை இஸ்திரிப் பெட்டியின் அடியைச் சுத்தம் செய்தேன். பழைய செய்தித்தாளில் பொடி உப்பைப் பரப்பி, பெட்டியைச் சூட்டோடு அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் இழுத்தேன். ஒட்டிக்கிடந்த கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக உப்போடு வந்தது. கூடவே ஒரு வாடையும் வந்தது. ரப்பர் கருகின வாடை. அது மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மருமகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "என்ன அத்தை, தனியா நின்னு சிரிக்கிறீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, ஒரு ஆளு ஞாபகம் வந்துது" என்றேன்.

அந்த ஆள் நீதான். இதை உன்னிடம் சொல்லாமல் இத்தனை நாள் எப்படி இருந்தேன் என்று தெரியவில்லை.

உனக்கு எழுத்து தெரியாது. எனக்கு அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் தெரியும். அந்த அஞ்சு கிளாஸை என்னைவிட அதிகமாக உபயோகித்தவள் நீ. தென்காசியில் இருந்த உன் தம்பிக்கு மாசம் ஒரு கடுதாசி. இங்கே மட்டாஞ்சேரியில், நம் சலவைக்கூடத்தில் நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார, நீ கல்லில் துணியை அடித்துக்கொண்டே சொல்ல, நான் எழுத வேண்டும். முடித்ததும் ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டவும் வேண்டும். ஒருநாள் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாய். "ஏட்டி கோமு, நான் சொன்னதைவிட நல்லா எழுதியிருக்கே. இது நான் சொன்னதுன்னு அவன் நம்பவே மாட்டான். கொஞ்சம் மோசமாக்கு." அதனால் இதையும் அந்தப் பழக்கப்படியே செய்யப்போகிறேன். எழுதி முடித்துவிட்டு, நம் காயப்போடும் கயிற்றடியில் நின்று வாசிப்பேன். மோசமாக இருந்தால் நீ சந்தோஷப்படலாம்.

சங்கதி நம்ம மீனுவைப் பற்றியது. நீ கண்ணை மூடும்போது அவள் ஒன்பதாம் கிளாஸ். இப்போது பிளஸ் ஒன். என் பேத்தி என்று சொன்னால் யாரும் நம்பாத உயரம்.

சின்ன வயசில் அவளை நீ விரட்டினது மறந்திருக்காது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப்பையை என் தேய்ப்பு மேசைக்கு அடியில் எறிந்துவிட்டு, காயப்போட்ட விரிப்புகளுக்கு நடுவே ஓடுவாள். நாம் கிளிப் போடுகிறவர்கள் இல்லை. ரெண்டு கயிற்றைச் சேர்த்து முறுக்கி, அந்த முறுக்கின் இடுக்கில் துணி முனையைச் செருகிவிடுவோம். ஹோட்டல் விரிப்புகள் வரிசை வரிசையாகத் தொங்கும். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையலாம், காற்று அடித்தால் அதுவும் முடியாது. "ஒரு விரிப்புல உன் தோளு பட்டாலும் அதை நீதான் மறுபடி அலசணும், சொல்லிட்டேன்" என்று ஈரத்துண்டை முறுக்கிக்கொண்டு அவளைத் துரத்துவாய். அவள் தோளைச் சரிப்பாள், இடுப்பை வளைப்பாள், ஒரு விரிப்பு வந்து மோதுவதற்குள் அடுத்த வரிசைக்குள் புகுந்துவிடுவாள். நீ அந்தப் பக்கம் போய் மறித்தால் இந்தப் பக்கம் வருவாள். கடைசியில் மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இது பிள்ளையா, நண்டா?" என்பாய். விரிப்பு ஒன்றில்கூட அவள் கைபட்டிருக்காது. மண்ணெல்லாம் உன் சேலையில்தான் இருக்கும்.

அந்த நண்டுக்கு இப்போது ஒரு விளையாட்டு கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நீ போன பிறகு புதிதாக வந்தது. லாக்ராஸ் என்று பெயர். முதலில் கேட்டபோது ஏதோ மாத்திரை என்று நினைத்துவிட்டேன். ஒரு கம்பு, அதன் முனையில் சின்ன வலைப்பை. மாங்காய் பறிக்கிற கம்பில் வலை கட்டியிருப்பார்களே, அதன் தங்கச்சி மாதிரி இருக்கும். ரப்பர் பந்தை அந்த வலையில் ஏந்திக்கொண்டு ஓட வேண்டும். தொட்டில் ஆட்டுகிற மாதிரி கம்பை ஆட்டிக்கொண்டே ஓடினால்தான் பந்து உள்ளே நிற்கும். வலையிலிருந்தே வீசணும், வலையிலேயே பிடிக்கணும், கடைசியில் எதிராளியின் கோலுக்குள் எறியணும்.

இதில் சிலர் முன்னால் நின்று கோல் போடப் பார்ப்பார்கள். சிலர் பின்னால் நின்று தடுப்பார்கள். நடுவில் நிற்கிறவர்களுக்கு மட்டும் மைதானம் முழுக்க வேலை. பின்னால் போய்ப் பந்தைப் பிடுங்கி, அதே மூச்சில் முன்னால் கொண்டுபோய்ப் போட வேண்டும். மீனு அந்த நடு ஆள். இதை அவள் விளக்கும்போது எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நம் கூடத்தில் மற்றவர்கள் எல்லாம் ஒன்று அலசுவார்கள், இல்லாவிட்டால் தேய்ப்பார்கள். நான் இடுப்புவலியைச் சாக்கு வைத்துப் பெட்டியோடு நின்றுவிட்டவள். காலையில் கல்லிலும் மத்தியானம் பெட்டியிலும் நின்றவள் நீ ஒருத்திதானே. அப்படி ஒருத்தி பக்கத்தில் முப்பது வருஷம் இருந்த எனக்கு நடு ஆள் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டாம்.

விளையாடும்போது கண்ணுக்குக் கம்பி வைத்த கண்ணாடி, பல்லுக்கு ஒரு கவசம். கண்ணும் வாயும் மூடினபிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே முகம். தலையிலும் எல்லாருக்கும் ஒரே பின்னல். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் சட்டை நம்பரை வைத்துத்தான் ஆளைச் சொல்ல முடியும். நெஞ்சில் ஒரு நம்பர், முதுகில் அதே நம்பர் பெரிசாக, ரப்பர் மாதிரி ஒட்டினது. மீனுவுக்கு எட்டு. இந்த நம்பரை மனசில் வைத்துக்கொள். வில்லங்கம் அங்கேதான் வரப்போகிறது.

போன மாசம் அவர்களுக்கு விளையாட்டு சொல்லித்தருகிற ஷைனி டீச்சர் வீட்டுக்கே வந்தார். மாநில முகாமுக்குப் பிள்ளைகளைத் தேடி ஒரு மேடம் ஊர் ஊராகப் போய் ஆட்டம் பார்க்கிறாராம். இடப்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நம் பிள்ளைகளின் ஆட்டத்தையும் பார்க்க வருகிறாராம். முகாமில் எல்லா இடமும் நிரம்பி ஒரே ஒரு இடம்தான் பாக்கி. "அது நடு ஆளுக்கான இடம் அம்மச்சி. முன்னாலயும் பின்னாலயும் ஒரே மாதிரி ஓடற குட்டிதான் வேணும்னு சொல்லிட்டாங்க. மீனுவுக்குன்னே ஒதுக்கி வெச்ச மாதிரி இருக்கு" என்றார். அன்றிலிருந்து மீனு சாயாவைக்கூட உட்கார்ந்து குடிக்கவில்லை. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று அவள் அப்பா கேட்டதற்கு, "அந்த ஒரு இடம் போதும்" என்றாள்.

ஆட்டத்தன்று காலையில் அவள் சட்டை கொடியில் சுருங்கிக் கிடந்தது. "அதுக்கு இஸ்திரி வேண்டாம் ஆச்சி, அப்படியே போட்டுக்கற துணி" என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். ஆனால் நீயே சொல். ஒருத்தர் பிள்ளையைப் பார்த்துப் பொறுக்கி எடுக்க வருகிறார். அந்தப் பிள்ளை என் வீட்டிலிருந்து சுருங்கின சட்டையோடு போவதா? மட்டாஞ்சேரியில் எத்தனை மாப்பிள்ளைகளின் சட்டையைத் தேய்த்த கை இது! அவள் குளிக்கப் போனதும் சிரட்டைக் கரியைப் போட்டுப் பழைய பெட்டியை எடுத்தேன். கரண்டுப் பெட்டிக்குக் கனம் போதாது என்பதில் உனக்கும் எனக்கும் என்றைக்கும் சண்டை வந்ததில்லை.

முன்பக்கத்தை, மேலே ஒரு மெல்லிசு வேட்டித்துணி விரித்து, பதமாகத் தேய்த்தேன். திருப்பிப் போடும்போது, மீனுவுக்குத் துண்டு கொடுக்கப் போன மருமகள் குளியலறை வாசலிலிருந்து, "அத்தை, எண்ணெயில பழம்பொரி கிடக்கு, கொஞ்சம் பாருங்க" என்றாள். போய் மாவில் தோய்த்த பழத்துண்டுகளை எண்ணெயில் திருப்பிவிட்டு வந்தேன். அதற்குள் ஜன்னல் காற்றில் பெட்டிக்குள் கனல் ஏறியிருந்தது. வந்த வேகத்தில் மேல்துணியை விரிக்க மறந்தேன். முதுகில் வைத்து ஒரே இழுப்பு. கிர்ரென்று ஒட்டியது. தூக்கிப் பார்த்தால் எட்டின் இடப்பக்கம் முழுக்கப் பெட்டியோடு வந்துவிட்டது. சட்டையில் மிச்சம் இருந்தது, யாரோ அளவெடுத்து ஒட்டின மாதிரி, ஒரு மூணு.

பழம்பொரியைக் காப்பாற்றிவிட்டு சட்டையைக் கருக்கினவள் நான்.

அடுத்துச் செய்ததைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. முன்பக்கம் மேலே வரும்படி மடித்தேன். நம் மடிப்பு உனக்குத் தெரியும், பிரிக்கவே மனசு வராது. பையில் வைத்தேன். மீனு ஈரத்தலையோடு வந்து பார்த்துவிட்டு, "ஆச்சி! வேண்டாம்னு சொல்லியும் தேய்ச்சிட்டீங்களா! கடையிலேர்ந்து இப்பத்தான் வந்த மாதிரி இருக்கு" என்று கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாயைத் திறந்தேன். "பழம்பொரி ஆறிடும், சாப்பிடு" என்று வந்தது.

முதுகை யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃபிளாஸ்க்கில் சாயாவும் ஒரு டப்பாவில் பழம்பொரியும் எடுத்துக்கொண்டு நானும் கிளம்பினேன். படகு ஏறி, பஸ் ஏறி, இடப்பள்ளி போய்ச் சேரும் வரைக்கும் அந்தப் பையை என் மடியிலேயே வைத்திருந்தேன். "ஆச்சிக்கு என்னைவிடப் பயம்" என்று மீனு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கே போனதும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். தன் முதுகு தனக்குத் தெரியாதே. ஷைனி டீச்சர் நம்பரைப் பார்க்கிறவர் இல்லை, ஓடுகிற ஓட்டத்தை வைத்தே ஆளைச் சொல்வார். கூட விளையாடுகிற பிள்ளைகளுக்கும் நம்பர் எதற்கு? ஆக, அந்த மைதானத்தில் நம்பரை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒருத்தர், அந்த மேடம். ஒல்லியாக, வெயிலில் காய்ந்த முகம். நம் பிள்ளைகள் கோல் போட வேண்டிய பக்கத்தில், கோலுக்குப் பின்னால் மரநிழலில் நாற்காலி போட்டு, மடியில் நோட்டோடு இருந்தார்.

நான் மைதான ஓரத்தில் ஆமினா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளும் இவர்கள் கூட்டத்துப் பிள்ளைதான். கணுக்கால் சுளுக்கிக் கட்டுப் போட்டிருந்ததால், சட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு தண்ணி பாட்டில்களுக்குக் காவல் இருந்தாள். என் போதாத காலம், அவளுடைய நம்பர் மூணு.

ஆட்டம் ஆரம்பித்து ரெண்டு நிமிஷம் ஆகியிருக்காது. "ஐயோ ஆச்சி! மீனு முதுகுல என் நம்பர்!" என்று கத்தினாள்.

"சத்தம் போடாதே மோளே. இந்தா, பழம்பொரி."

"இல்ல ஆச்சி, நல்லாப் பாருங்க, மூணு..."

"இன்னொண்ணு எடுத்துக்க."

நாலு பழம்பொரிக்கு அவள் வாய் அடங்கியது.

விளையாட்டைப் பற்றி என்ன சொல்ல! பந்து வலைக்குள் வந்ததும் மீனு தோளைச் சரித்தாள் பார், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எதிரே மூன்று பேர் கம்பை நீட்டிக்கொண்டு மறிக்கிறார்கள். இவள் ஒருத்தியின் தோளுக்கும் இன்னொருத்தியின் கம்புக்கும் நடுவே, எதன்மேலும் படாமல், நம் விரிப்பு வரிசைக்குள் நுழைகிற மாதிரி நுழைந்து வெளியே வந்து, மேடம் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்து எறிந்தாள். கோல். பந்து எதிராளி கைக்குப் போனதும் ஒரே திரும்பல், மைதானத்தின் அந்தக் கோடிக்கு ஓட்டம். இப்போது மேடம் பக்கம் இருந்தது அவள் முதுகு. அங்கே போய் எதிராளியின் கம்பைத் தட்டிப் பந்தைக் கீழே விழவைத்து, குனிந்து அள்ளி, கூட்டத்துக்குள் புகுந்தாள். கூட்டத்திலிருந்து வெளியே வரும்போது முகம் இந்தப் பக்கம். நான் ஆமினாவின் தோளைப் பிடித்து உலுக்கியதில் அவள், "ஆச்சி, என் காலு!" என்று அலறினாள். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறினார்கள். மேடமும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். நம் பிள்ளைகள் ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தபோது நான் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். வெயிலில் உட்கார்ந்தவருக்கு ஒரு வாய் சாயா கொடுக்கலாம் என்றுதான். அவர் விசில் ஊதினவரோடு பேசிக்கொண்டிருந்தார். மலையாளத்தில் பேசினதை நம் பேச்சாக எழுதுகிறேன்.

"இந்த ஸ்கூல்ல ரெண்டு பிள்ளைங்க நல்லா இருக்கு. மூணாம் நம்பர் பின்னால பிடுங்குது, எட்டுக்குக் குடுக்குது. எட்டு போய்க் கோல் போடுது. நல்ல ஜோடி. ஆனா எட்டு ஒரு தடவைகூட பின்னால வரலை. மூணு முன்னால வரவே இல்லை. எனக்கு ஜோடி வேண்டாமே, ஒரு இடம்தானே இருக்கு. இது ரெண்டும் ஒரே பிள்ளையா இருந்திருந்தா இப்பவே பேரு எழுதியிருப்பேன்."

சொல்லிவிட்டு நோட்டை மூடினார்.

கையில் ஃபிளாஸ்க்கோடு அப்படியே நின்றேன். என்ன நடந்திருக்கிறது என்று அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கம் மீனு குதிக்கிறாள், இந்தப் பக்கம் நோட்டு பைக்குள் போகிறது. வாயைத் திறந்தால், இத்தனை வருஷம் தேய்த்தவள் பள்ளிக்கூடத்துச் சட்டையைக் கருக்கி, கருக்கினதை மடித்து மறைத்தாள் என்று எல்லார் முன்னாலும் ஆகிவிடும். திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இடம் கிடைக்கவில்லை என்று பிள்ளை ரெண்டு நாள் அழுவாள், நான் தலையைத் தடவிக்கொடுப்பேன்.

அப்போதுதான் நீ வந்தாய். ஜவுளிக்கடைக்காரர் வீட்டு மாப்பிள்ளை ஜிப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாய்.

பெட்டியிலிருந்து ஒரு பொறி பறந்து அந்தப் பட்டு ஜிப்பாவின் நெஞ்சில் கடுகளவு ஓட்டை விழுந்த நாள் அது. மறுநாள் கல்யாணம். நான்தான் யோசனை சொன்னேன், "உள்பக்கமா மடிச்சுக் குடுத்துரு, நாளைக்குக் கூட்டத்துல யாரு கவனிக்கப்போறா" என்று. நீ என்னைப் பார்த்த பார்வை! "மடிப்புக்குள்ள மறைக்காதே கோமு. அவங்க விரிக்கிறப்போ நீ பக்கத்துல இருக்க மாட்டே." அவ்வளவுதான் சொன்னாய். உச்சி வெயிலில் ஜிப்பாவை எடுத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்கே போய்விட்டாய். மாப்பிள்ளையின் அம்மா தெருவே கேட்கும்படி கத்தினார்களாம். மாப்பிள்ளைதான் வந்து பார்த்து, "இங்க ஒரு பாக்கெட் வெச்சாத் தெரியாதே" என்றாராம். நீ தையல்காரரைக் கூட்டிவந்து, பாக்கெட் தைத்து முடிக்கும்வரை அங்கேயே இருந்து, மறுபடியும் தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்தாய். வரும்போது முந்தானையில் எனக்கு ஒரு லட்டு. "திட்டும் கிடைச்சுது, லட்டும் கிடைச்சுது. போகாம இருந்திருந்தா ரெண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு, பாதி லட்டை நீயே தின்றாய்.

"மேடம்" என்றேன். அவர் திரும்பவில்லை. இன்னொரு தடவை, "மேடம்!" இந்தத் தடவை மைதானமே திரும்பிப் பார்க்கிற சத்தம்.

"அந்த எட்டும் மூணும் ரெண்டு பிள்ளை இல்ல, ஒண்ணுதான். காலைல பெட்டி வெச்சு எட்டை மூணாக்கினது நான். யாருகிட்டயும் சொல்லாம மடிச்சு வெச்சதும் நான்தான்."

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. விசில்காரருக்கும் புரியவில்லை. மேடம் கொஞ்சம் பொறுமையிழந்து, "மூணாம் நம்பர், இங்கே வா" என்று சத்தம் கொடுத்தார்.

ஆமினா ஒற்றைக்காலில் தத்தித் தத்தி வந்து நின்றாள். கையில் பாட்டில், வாயோரத்தில் பழம்பொரி. "நானா மேடம்? நான் இன்னைக்குத் தண்ணிதான் தூக்கினேன். களத்துல இறங்கவே இல்லையே."

மேடம் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எட்டாம் நம்பரைக் கூப்பிடுங்க" என்றார், மெதுவாக.

மீனு ஓடிவந்தாள். மேடம் எழுந்து அவள் தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். நெஞ்சில் எட்டு, முதுகில் மூணு. மறுபடியும் ஒரு சுற்று. ஷைனி டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒரு பிள்ளை முதலில் சிரித்தாள், அப்புறம் மைதானமே சிரித்தது. மீனு கழுத்தை வளைத்துத் தன் முதுகைப் பார்க்கப் பார்த்து முடியாமல், பின்னால் கையைவிட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஆச்சி! இஸ்திரி வேண்டாம்னு சொன்னேன்ல!"

"சொன்னே."

"அப்போ அந்தப் பழம்பொரி ஆறிடும்னு சொன்னது..."

"அப்போ எனக்குத் தெரியும்."

"துஷ்ட ஆச்சி!" என்றாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு, எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது.

மேடம் பந்தை எடுத்து மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் வீசினார். "ஓடு. எடுத்துட்டு வந்து இந்தக் கோல்ல போடு. நான் பார்க்கணும்" என்றார். எதிர்க்கூட்டத்தில் நாலு பேரை மறிக்கச் சொன்னார். மீனு கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடினாள். மேடம் வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தார். "மூணு... மூணு... மூணு..." அந்தக் கோடியில் குனிந்து, ஒருத்தி கம்புக்கு அடியிலிருந்து பந்தை அள்ளித் திரும்பினாள். "எட்டு!" நாலு பேர் நடுவே சரிந்து, வளைந்து, ஒருத்தர்மேலும் படாமல் வந்தாள். கடைசியில் வலை அதிர்ந்த சத்தம் எனக்கு நீ கல்லில் முதல் துணியை அடிக்கிற சத்தம் மாதிரியே கேட்டது.

மேடம் நோட்டைத் திறந்தார். ரெண்டு வரியை அடித்தார். அடியில் ஒரு வரி எழுதுவதற்காக, "முழுப் பேரு என்ன?" என்று கேட்டார். நான் அப்போதுதான் சாயாவை ஊற்றிக் கொடுத்தேன். சாயா தளும்பி அவர் நோட்டில் ஒரு சொட்டு விழுந்தது. "இதையும் இப்பவே சொல்லிடறேன் மேடம், நான்தான்" என்றேன். அந்த அம்மாள் அப்படிச் சிரித்தார். போகும்போது காரிலிருந்து தலையை நீட்டி, "அம்மச்சி, முகாமுக்கு அனுப்பறப்போ சட்டையைத் தேய்க்க வேண்டாம்" என்றார்.

திரும்பி வருகிற படகில் மீனு என்னோடு பேசவில்லை, மட்டாஞ்சேரி படகுத்துறை வரைக்கும். இறங்கும்போது என் தோளில் தலையைச் சாய்த்து, "நீங்க சொல்லலைன்னா என்ன ஆச்சி ஆகியிருக்கும்?" என்று கேட்டாள். "லட்டு கிடைச்சிருக்காது" என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. வீட்டுக்குப் போய் உன் ஜிப்பாக் கதையைச் சொன்னேன். "அந்தப் பாட்டிதானே என்னை ஈரத்துண்டால அடிக்க வருவாங்க?" என்று கேட்டுவிட்டு, கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் புதுச்சட்டை கொடுத்துவிட்டார்கள். பழையதைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று டீச்சரிடம் கெஞ்சி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். விளையாடிப் பழகும்போது அதைத்தான் போட்டுக்கொள்கிறாள். கூட இருக்கிற பிள்ளைகள் அவள் பின்னால் ஓடும்போது "மூணே!" என்றும் முன்னால் வரும்போது "எட்டே!" என்றும் கூப்பிடுகிறார்களாம். ஆமினா மட்டும், "என் நம்பரைத் திருப்பித் தா" என்று தினமும் வம்புக்கு இழுக்கிறாளாம்.

வருகிற திங்கட்கிழமை மீனு திருவனந்தபுரத்துக்கு முகாமுக்குப் போகிறாள். நேற்று அவள் துணிகளை எடுத்து வைத்தேன். தேய்க்கவில்லை, சத்தியம். ஆனால் ஒன்று செய்தேன். எத்தனையோ ஊர்ப் பிள்ளைகளின் துணியோடு கலந்து துவைக்கிற இடம், குறி போடாமல் அனுப்ப முடியுமா? அழியாத மையை எடுத்து, ஒவ்வொரு கழுத்துப்பட்டியின் உள்ளேயும் குறி போட்டேன். என் குறி பெருக்கல் அடையாளம், உனக்குத் தெரியும். நான் போட்டது அது இல்லை. ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளி, இந்தப் பக்கம் ஒரு புள்ளி. உன் குறி. உன் மகன் துபாய்க்குப் போனபிறகு அதை யாரும் போடுவதில்லை. அந்தக் குறி போட்ட துணி எந்த ஹோட்டலுக்கு, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஒழுங்காக நம் கூடத்துக்கே திரும்பி வந்துவிடும்.

உன்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். நீயாகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவையும் எழுதினது.

இப்போது கயிற்றடிக்குப் போகிறேன். அந்தச் சட்டை அங்கேதான் முறுக்கில் செருகிக் கிடக்கிறது. காற்று ஒரு பக்கம் தள்ளினால் எட்டு, மறுபக்கம் தள்ளினால் மூணு. அதற்கு எதிரே நின்று முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்கிறேன். திட்டுவதானால் நன்றாகத் திட்டு. லட்டை மட்டும் முழுசாகக் கொண்டுவா.